மேனிபோல்டு மாற்றியும் தீராத தொல்லைகள்: லாரி, பிக்கப் வண்டிகளுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும் லாரியில், சிலிண்டரை விட்டு வெளியேறும் புகையின் சூடு 600 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டை முதலில் வாங்குவது, எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. அதே கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகைக்குழாயை மூடி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) அழுத்தத்தைத் தாங்குவதும் அதுவே. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் மேட்டுக்கு ஏறும் கிரானைட் லாரிக்கும், வத்தல்மலை வளைவுகளில் திணறும் பிக்கப்புக்கும் இதே கதைதான். சமவெளியில் வருடக்கணக்கில் ஓடும் மேனிபோல்டு இந்த மாவட்டங்களில் சீக்கிரம் விரிசல் விடுவதும், அதை ஹெட்டில் பிடிக்கும் மரைத் தண்டான ஸ்டட் ஒடிவதும் இதனால்தான்.

கம்பெனி மேனிபோல்டு போய், வெளிச்சந்தை மேனிபோல்டோ, பட்டறையில் குழாய் வளைத்துச் செய்த ஹெட்டரோ போட்ட பிறகு வரும் தொல்லைகளுக்காக எழுதப்பட்டது இது. எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பும் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே வரும் பாதிப் பிழைகளுக்கு வேர் அதில்தான் இருக்கிறது.

ஆறு சிலிண்டர் எஞ்சினின் மேனிபோல்டு ஏறக்குறைய 70 செ.மீ. நீளம் என்று வைப்போம். 600 டிகிரி சூடு ஏறினால் வார்ப்பிரும்பு அந்த நீளத்தில் நாலரை மி.மீ. நீளும். அது முடுக்கப்பட்டிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து 90 டிகிரியில் நிற்கிறது. அது நீள்வது அரை மி.மீ. கூட இல்லை. ஆக, வண்டி மேடு ஏறும் ஒவ்வொரு முறையும் மேனிபோல்டு ஹெட்டின் மேல் இரண்டு பக்கமும் தலா 2 மி.மீ. நகரப் பார்க்கிறது. நகர இடம் இருந்தால் பிழைக்கும். இடமில்லை என்றால் இடையில் வைத்த பேக்கிங் (கேஸ்கெட்) கிழியும், ஸ்டட் ஒடியும், இல்லையேல் மேனிபோல்டே விரிசல் விடும். பேக்கிங் போனதே என்று பேக்கிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கேபினுக்குள் புகை நாற்றம், தலைவலி, கண் எரிச்சல்

இதற்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போய்ப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் அளவுக்கு இருக்காது என்பது உண்மை. ஆனால் சுங்கச்சாவடி ஓரத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்கும் டிரைவருக்கு அந்தக் குறைந்த அளவும் ஆபத்துதான். கசிவு சரியாகும் வரை எஞ்சின் ஓடும் கேபினில் யாரும் தூங்கக்கூடாது.

கேபினைத் தூக்கி மேனிபோல்டையும் டர்போவின் (புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தும் கருவி) இரண்டு ஃபிளாஞ்சுகளையும், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புகளையும், பாருங்கள். கசியும் இடத்தில் கரி விசிறிபோலப் படிந்திருக்கும். கசிவை அடைத்த பிறகு கியர் லிவர் பூட்டு, ஒயர் நுழையும் ரப்பர் வளையங்கள், பெடல் ஓட்டைகள் எல்லாவற்றையும் பாருங்கள். புகை உள்ளே வந்த வழி அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வழியை மட்டும் அடைத்துவிட்டுக் கசிவை விடுவது தீர்வல்ல.

காலையில் டிக் டிக், சூடானதும் காணோம்

குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறையும் சத்தம் பெரும்பாலும் மேனிபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலான கசிவு. உலோகம் விரிந்ததும் இடைவெளி தானே மூடிக்கொள்கிறது. சத்தம் நின்றுவிட்டதே என்று விட்டால், அந்த இடுக்கில் புகை ஓடி ஹெட்டின் முகத்தையே அரிக்கும். மேனிபோல்டு மாற்றும் வேலை அப்போது ஹெட் கழற்றும் வேலையாகப் பெருத்துவிடும்.

டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். இரண்டும் ஒரே வேகத்தில் அடிக்கும், ஏனென்றால் இரண்டுமே கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். வேகத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆக்சிலரேட்டரை மிதித்து லோடு கொடுத்தால் கசிவுச் சத்தம் கூடும். டேப்பட் அப்படியே இருக்கும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு போர்ட் அருகிலும் கொண்டுபோனால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும். ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் குழாயைத் தள்ளி வையுங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. ஐடிலில் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் பைப் நட்டைச் சற்றே தளர்த்துங்கள். அந்த சிலிண்டர் எரியாமல் போகும். கசிவு என்றால் டிக் சத்தம் சட்டென்று மெலியும், டேப்பட் என்றால் மாறாது. காமன் ரயில் எஞ்சினில் (கணினி கட்டுப்பாட்டில் உயர் அழுத்த டீசல் செலுத்தும் வகை) இதைச் செய்யவே கூடாது. அங்கே பைப்பில் இருப்பது 1,000 பாருக்கும் மேல் போகக்கூடிய அழுத்தம். நட்டு தளர்ந்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எங்கே கசிகிறது என்று உறுதியாகக் காட்டுவது சோப்புத் தண்ணீர் சோதனை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சைலன்சர் முனையில் துணியைச் சுற்றி ஒரு புளோயரைச் செருகுங்கள், அல்லது கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டரில் 0.3 பாருக்குக் குறைத்து விடுங்கள். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் போட்டு ஒவ்வொரு இணைப்பிலும் அடித்தால் கசியும் இடத்தில் நுரை குமிழியும். ஏர் ஃபில்டர் பக்கம் காற்று சீறுவது கேட்டால் பயப்பட வேண்டாம். ஏதாவது ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் சற்றே திறந்து நிற்கும், காற்று அந்த வழியே போகும்.

கடைசி ஸ்டட் மட்டும் திரும்பத் திரும்ப ஒடிகிறது

முதல் சிலிண்டர் அல்லது ஆறாவது சிலிண்டரின் ஓரத்து ஸ்டட் என்றால், மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். நடுவில் உள்ளவை அசைவதில்லை, ஓரத்தில் உள்ளவைதான் 2 மி.மீ. இழுபடுகின்றன. நல்ல மேனிபோல்டில் நடு ஓட்டைகள் ஸ்டட்டுக்குச் சரியாகவும், ஓரத்து ஓட்டைகள் பெரிதாகவோ நீளவாட்டிலோ இருக்கும். வெளிச்சந்தைப் பொருளில் எல்லா ஓட்டையும் ஒரே அளவில் துளைத்திருந்தால் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இன்னொரு காரணம் பலருக்கு நம்ப முடியாதது: மேனிபோல்டு சுருங்கும். சூட்டில் நீளப் பார்க்கும்போது ஹெட் அதைப் பிடித்து அமுக்குகிறது. சிவக்கும் சூட்டில் இரும்பு அந்த அமுக்கலுக்குப் பணிந்து கொஞ்சம் குறுகிவிடுகிறது. ஆறியதும் முன்பிருந்த நீளத்துக்கு அது திரும்புவதில்லை. வருடங்கள் போகப் போக மேனிபோல்டு குட்டையாகி, ஓரத்து ஸ்டட்டுகளை உள்பக்கமாக இழுக்கும். கம்மின்ஸ் பி வரிசை 5.9 லிட்டர் எஞ்சினின் ஒரே துண்டு மேனிபோல்டில் இது உலகமெங்கும் தெரிந்த குறை. கழற்றிய பழைய மேனிபோல்டை ஹெட்டில் வைத்துப் பாருங்கள். நடு ஓட்டைகள் பொருந்தி, ஓரத்து ஓட்டைகளில் ஸ்டட் வெளிப்புற விளிம்பை முட்டினால் அது சுருங்கிவிட்டது. ஃபேஸ் கிரைண்டிங் செய்து இதைச் சரிசெய்ய முடியாது. கிரைண்டிங் வளைவை எடுக்கும், நீளத்தைத் தராது.

இப்படிப்பட்ட எஞ்சினுக்கு வெளிச்சந்தை மேனிபோல்டு வாங்குவதில் நியாயமான காரணம் இருக்கிறது. மூன்று துண்டாக வரும் மேனிபோல்டில் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, நடுவில் சீலிங் ரிங் போட்டிருக்கும். நீட்சி அந்த இணைப்புகளிலேயே தீர்ந்துவிடும், ஸ்டட் வரை போகாது. மாட்டும்போது துண்டுகளை முட்டும் வரை தள்ளி இறுக்கிவிடாதீர்கள். நீள இடமில்லாமல் போனால் மூன்று துண்டு வாங்கியதன் பலனே போய்விடும். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி வையுங்கள்.

ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது பொறுமை வேண்டிய வேலை. வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். பிறகு ஒரு நட்டை அதன்மேல் வைத்து, நட்டின் உள்ளே வெல்டிங் வைத்து நிரப்புங்கள். வெல்டிங் சூடே பாதித் துருவை உடைத்துவிடும். செஞ்சூடு போய் ஆறத் தொடங்கும்போது முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, கால் சுற்றாக அசையுங்கள். ஒரே மூச்சில் திருகினால் மறுபடி ஒடியும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகவும் எஞ்சின் கணினியான இசியு வழியாகவும் போகும்.

முகத்தோடு முகமாக ஒடிந்திருந்தால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். சரியாக நடுவில் புள்ளி அடித்து, சிறிய டிரில்லில் தொடங்குங்கள். பழைய மரை போய்விட்டதென்றால் ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச்சுருள்) போடலாம். பழைய மரை பிழைத்து, அதையே டாப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்வதென்றால், எம்8 சாதாரண மரைக்கு டிரில் 6.8 மி.மீ., எம்10க்கு 8.5 மி.மீ. என்பதைத் தாண்டக் கூடாது. ஹெட்டின் அந்தப் பகுதியில் தண்ணீர்ப் பாதை பக்கத்திலேயே ஓடும். ஆழத்தை டிரில்லில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

புது ஸ்டட் என்று கடையில் விற்கும் முழு மரைக் கம்பியை வெட்டிப் போடுவது நிறைய நடக்கிறது. சாதாரண எம்எஸ் (மென் எஃகு) கம்பி சூட்டில் இளகி நீளும், நட்டு தளரும், பேக்கிங் போகும். அந்த எஞ்சினுக்கான சூடு தாங்கும் ஸ்டட்டையே வாங்குங்கள். கழற்றிய போல்ட்டில் நீளமான உருளை ஸ்பேசர் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். போல்ட்டுக்கு நீளம் கொடுத்து, விரிவு வரும்போது ஒடியாமல் வளைந்து கொடுக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

சரியாக மாட்டும் முறை

எந்த அறிகுறிக்காகக் கழற்றினாலும் திரும்ப மாட்டுவது இப்படித்தான்.

ஹெட் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைத் தட்டையான ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். கிரைண்டர் சக்கரம் வைக்க வேண்டாம், அது பள்ளம் போடும். போர்ட்டுகளில் துணி அடைத்துக்கொள்ளுங்கள்; கரித்துண்டு ஒன்று உள்ளே விழுந்தாலும் எஞ்சின் ஓடியதும் அது நேரே டர்போவின் டர்பைன் பிளேடில்தான் போய் மோதும். வேலை முடிந்ததும் எத்தனை துணி அடைத்தீர்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

மேனிபோல்டின் எல்லா முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஸ்டிரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.2 மி.மீ. பிளேடு எங்காவது நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங் கொடுங்கள். எல்லா முகத்தையும் சேர்த்து ஒரே அமைப்பில் தேய்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தேய்த்தால் ஒன்றுக்கொன்று மட்டம் மாறும். புதுப் பொருளுக்கும் இந்தச் சோதனை வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே டார்ச் அடித்து வார்ப்பு மணல், வெல்டிங் உருண்டை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேக்கிங்கில் மேடு உள்ள பக்கம் எது, எழுத்துள்ள பக்கம் எது என்று பார்த்து, எஞ்சின் கையேட்டில் சொல்லியபடி வையுங்கள். சிலிகான் பேஸ்ட் தடவ வேண்டாம். சிவப்பு நிற உயர்வெப்ப வகை கூட 350 டிகிரிக்குள் கருகிப்போகும்; கருகிய இடம் கசிவுக்கு வழியாகும்.

எல்லா நட்டையும் கையால் ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் மேனிபோல்டு நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்று சுற்றாக முடுக்குங்கள்: முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழு அளவு. கம்மின்ஸ் 5.9க்கு முழு அளவு 43 நியூட்டன் மீட்டர். பொதுவாக எம்8 ஸ்டட் 20 முதல் 25, எம்10 ஸ்டட் 40 முதல் 50 என்ற வரம்பில் வரும். உங்கள் எஞ்சின் கையேட்டின் எண் வேறாக இருந்தால் அதுதான் கணக்கு. மரையில் காப்பர் பேஸ்ட் தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் (முடுக்கும் விசையில்) ஸ்டட் அதிகம் இழுபடும். உலர் மரைக்குச் சொன்ன எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடி போட்டு "நல்லா டைட்டா" முடுக்குவதுதான் இந்த வேலையில் அதிக ஸ்டட்டுகளை ஒடிக்கிறது.

எஞ்சினை முழுச் சூட்டுக்கு ஓடவிட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் அதே வரிசையில் டார்க் பாருங்கள். கிராஃபைட் பேக்கிங் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஒரு லோடு டிரிப் முடிந்து வந்ததும் மறுபடி ஒருமுறை. சூடாக இருக்கும்போது ஸ்பேனர் வைக்கவே வேண்டாம்.

மேட்டில் இழுவை இல்லை, கறும்புகை, டர்போ சத்தம் குறைவு

மேனிபோல்டிலிருந்து டர்போ வரை எங்கே கசிந்தாலும், டர்பைனைச் சுழற்ற வேண்டிய புகை வெளியே போய்விடுகிறது. டர்போ வேகம் குறையும், காற்று குறையும், பம்ப் தரும் டீசல் முழுதாக எரியாது. அதுதான் கறும்புகை. கூடவே சூடும் ஏறும். கசிவோடு தொப்பூரோ சூளகிரியோ ஏறும் எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் சேர்ந்து வேகும்.

ஆனால் உடனே மேனிபோல்டைக் கழற்றாதீர்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி), இன்டர்கூலரிலிருந்து இன்டேக் வரை உள்ள ரப்பர் ஹோஸ், கிளாம்பு இவற்றில்தான் கசிவு அதிகம் வரும், பார்ப்பதும் சுலபம். அடுத்து ஏர் ஃபில்டர். கிரானைட் குவாரி பாதையில் ஓடும் வண்டிக்கு அது எப்போது அடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மேனிபோல்டுக்கும் டர்போ ஃபிளாஞ்சுக்கும் போக வேண்டும்.

புது மேனிபோல்டு போட்ட அன்றிலிருந்தே இழுவை குறைந்ததென்றால் போர்ட் அளவைப் பாருங்கள். பேக்கிங்கை மேனிபோல்டின் மேல் வைத்து உள்விளிம்பைப் பென்சிலால் வரைந்தால், உலோகம் எங்கே வழியை மறிக்கிறது என்று தெரியும். ஒன்றரை மி.மீ. வரையான படியை அரத்தால் சாய்வாக எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் அது வேறு மாடலுக்கான மேனிபோல்டு. டர்போ ஃபிளாஞ்சில் இரட்டை வாய் உள்ள டர்போவுக்கு ஒற்றை வாய் மேனிபோல்டு மாட்டியிருப்பதும் நடக்கும். முதல் மூன்று சிலிண்டரின் துடிப்பும் பின் மூன்றின் துடிப்பும் கலந்து, குறைந்த வேகத்தில் டர்போ எழும்பாது.

இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பதில்லை

எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு டர்போவுக்குப் பின்னால் குழாயை மூடுகிறது. மூடியதும் அதற்கு முன்னால் உள்ள எல்லா இணைப்பிலும் பல பார் அழுத்தம் சேர்கிறது. ஐடிலில் கேட்காத, மேட்டிலும் தெரியாத கசிவு இங்கே வாய் திறக்கும். பிடிப்பு குறைந்தால் டிரைவர் கால் பிரேக்கை நம்பத் தொடங்குவார். நீண்ட இறக்கத்தில் லைனர் சூடாகி அதுவும் கைவிடும். தொப்பூரில் நடந்த லாரி விபத்துகளை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கேபினைத் தூக்காமல் பக்கவாட்டிலிருந்து ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். இன்னொருவர் எஞ்சினை 1,500 சுற்றுக்கு ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டதும் எக்ஸாஸ்ட் பிரேக்கை இயக்கட்டும். ஓரிரண்டு நொடிதான் கிடைக்கும். பல வண்டிகளில் பிரேக் டீசலையும் நிறுத்திவிடும், எஞ்சின் அணையும். கசியும் இணைப்பில் கரி கலந்த புகை அந்த நொடியில் "புஸ்" என்று வரும்.

புகை எங்கும் வரவில்லை, சத்தமும் அமுங்கவில்லை என்றால் குறை மேனிபோல்டில் இல்லை. காற்று சிலிண்டரின் தண்டு முழு நீளம் வெளியே வருகிறதா, பட்டர்ஃபிளை தகடு கரியால் பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். தகட்டில் சின்ன ஓட்டை இருந்தால் அதை வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள். சில வால்வுகளில் அழுத்தம் எல்லை மீறாமலிருக்க அதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அடைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு தானே திறந்து ஆடும், ஸ்பிரிங் போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்று சொல்லும் டிரைவரிடம் எந்த கியரில் இறங்கினார் என்று கேளுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் எக்ஸாஸ்ட் பிரேக் என்ற ஒன்று வண்டியில் இல்லாததற்குச் சமம். மேலே ஏற எந்த கியர் தேவைப்படுமோ அந்த கியரில், இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிக்கொண்டு, எஞ்சின் சுற்றை டயலில் காட்டிய எல்லைக்குள் உயர்வாக வைத்து இறங்கினால்தான் அது வேலை செய்யும்.

புதிதாகப் போட்ட ஹெட்டர் சில மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நீளக் குழாய் வைத்த ஹெட்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் உண்மையாகவே பலன் தரும். டர்போ டீசல் லாரியில் புகையின் வழியில் பெரிய தடை டர்போவே. அதற்கு முன்னால் குழாயை நீட்டினால் டர்போவுக்குப் போக வேண்டிய சூடு வெளியே வீணாகும். லோடு வண்டிக்கு வார்ப்பு மேனிபோல்டே ஏற்றது. வாங்கும்போது சாதாரண வார்ப்பிரும்பா, சிலிகான் மாலிப்டினம் கலந்த டக்டைல் இரும்பா என்று கேளுங்கள். இரண்டாவது வகை மேட்டுச் சூட்டை நன்றாகத் தாங்கும், விலை வித்தியாசத்துக்குத் தகும்.

ஏற்கனவே குழாய் ஹெட்டர் போட்டிருந்தால், எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

குழாய் ஃபிளாஞ்சோடு சேரும் வெல்டிங் ஓரத்தில் விரிசல் என்றால் நீட்சிக்கு இடமில்லை. 304 ஸ்டெயின்லெஸ் குழாய் வார்ப்பிரும்பை விட அதிகம் விரியும். அதே 70 செ.மீ.க்கு 7 மி.மீ. வரை போகும். இரண்டு குழாய்களுக்கு நடுவே நழுவும் இணைப்பு இல்லாமல் ஒரே சட்டமாக வெல்டிங் வைத்தால் அது ஏதோ ஒரு ஓரத்தில் பிளந்தே தீரும். எம்எஸ் குழாய் என்றால் விரிவு குறைவு, ஆனால் செதில் செதிலாக உதிர்ந்து மெலியும். உதிரும் செதிலும் டர்போவுக்குள்தான் போகும்.

டர்போ ஃபிளாஞ்சுக்கு அருகில் விரிசல் என்றால் எடை தொங்குகிறது. டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன் பைப், எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு இரண்டையும் தாங்க ஒரு பிராக்கெட் வேண்டும். அந்தப் பிராக்கெட் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோதான் பிடித்திருக்க வேண்டும், சேஸிஸில் அல்ல. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸிஸ் ஆடாது. இரண்டையும் இரும்பால் கட்டினால் ஆட்டம் முழுதும் மேனிபோல்டின் கழுத்தில் வந்து விழும். அதற்கு அடுத்து பெல்லோஸ் என்ற வளையும் மடிப்புக் குழாய். பெல்லோஸுக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும் ரப்பர் தொங்கலோடு சேஸிஸில் பிடிக்கலாம். பெல்லோஸை இயல்பான நீளத்தில் மாட்டுங்கள். அது வளைவதைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. ஃபிளாஞ்ச் ஓட்டை பொருந்தவில்லை என்று கடப்பாரை போட்டு நெம்பி போல்ட் ஏற்றினால், அந்த நெம்பல் கடைசி வரை அங்கேயே இருக்கும். குழாயை வெட்டி மறுபடி வெல்டிங் வைப்பதுதான் முறை.

விரிசல் விட்ட வார்ப்பு மேனிபோல்டைப் பட்டறையில் ஒட்டலாமா என்றால், அவசரத்துக்கு ஊர் வந்து சேரலாம். நிக்கல் ராடு, முன்கூட்டிய சூடு, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுதல் எல்லாம் செய்தாலும், வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்பு கெட்டியாகி அடுத்த விரிசல் அங்கே தொடங்கும்.

சூடானால் செல்ஃப் எடுப்பதில்லை, ஒயர் உருகுகிறது

ஹெட்டர் குழாய் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகில் வந்துவிட்டது. ஆறிய பிறகு செல்ஃப் எடுத்தால் இதுதான் காரணம். கம்பெனி வைத்த வெப்பத் தகட்டை மாட்டச் சோம்பி ஓரம் வைத்தவர்கள் அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். ஒயரும் ஹோஸும் மேனிபோல்டிலிருந்து 50 மி.மீ.க்காவது தள்ளி, கிளாம்பு போட்டு நிற்க வேண்டும். டீசல் பைப்புக்கு இன்னும் அதிகம். டீசல் தீப்பொறி இல்லாமலே 250 டிகிரிக்குள் பற்றிக்கொள்ளும், மேனிபோல்டு அதைப்போல் இரண்டு மடங்கு சூட்டில் இருக்கிறது. கண்ணாடி இழை நாடாவை மேனிபோல்டு மேல் சுற்றுவது லோடு வண்டிக்கு வேண்டாம்: சூடு வெளியேறாமல் இரும்பு சீக்கிரம் விரிசல் விடும், நாடாவில் எண்ணெய் ஊறினால் தீயும் பிடிக்கும்.

வேலை முடிந்த பிறகு நீலப்புகை, டர்போவில் எண்ணெய்

டர்போவின் எண்ணெய் வடியும் குழாயில் பேக்கிங்குக்குப் பதில் சிலிகான் அப்பியிருப்பார்கள்; அது உள்ளே பிதுங்கி வழியை அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்து சரியான பேக்கிங் போடுங்கள். குழாய் மடங்காமல், நேர் கீழ்நோக்கி இறங்க வேண்டும். டர்போவைக் கழற்றி மாட்டியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதன் எண்ணெய் வாயில் சுத்தமான எஞ்சின் ஆயில் ஊற்றி, டர்போ சக்கரத்தைக் கையால் சுற்றி, டீசலை நிறுத்திவைத்துப் பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள்.

பிஎஸ்6 வண்டியில் எச்சரிக்கை விளக்கு

2020 ஏப்ரல் முதல் விற்பனையான பிஎஸ்6 வண்டிகளில் மேனிபோல்டுக்குப் பின்னால் ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு), கரி வடிகட்டி, யூரியா கருவி, பல சென்சார் என்று ஒரு வரிசையே இருக்கிறது. மேனிபோல்டில் சிறு கசிவு வந்தாலும் டர்போ அழுத்தம் குறைந்து கரி கூடும், வடிகட்டி சீக்கிரம் நிறைந்து ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரித்து வடிகட்டியைச் சுத்தம் செய்தல்) அடிக்கடி கேட்கும். விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்ற ஓடாமல் முதலில் சோப்புத் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள். ஈஜிஆர் குழாயின் இரண்டு முனைப் பேக்கிங்கும் புதிதாக இருக்க வேண்டும். மேனிபோல்டு மாற்றும்போது பழையதையே திரும்பப் போடுவது வழக்கமாக இருக்கிறது. சென்சாரைத் திரும்ப மாட்டும்போது காப்பர் பேஸ்ட் மரையில் மட்டும் மெல்லியதாக. முனையில் பட்டால் அளவீடு கெடும்.

ஈஜிஆரை அடைத்து, வடிகட்டியை வெட்டி எடுத்து ஹெட்டர் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு ஆர்சி விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. புகை, சத்த வரம்பு மீறலுக்கு 190ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, எஃப்சி (தகுதிச் சான்று) சோதனையிலும் வண்டி நிற்கும். கசிவை அடைத்த பிறகு ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து, ரீஜெனரேஷன் ஒருமுறை முழுதாக முடியும் வரை இடையில் எஞ்சினை நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். குறியீடு மறுபடி வந்தால் அப்போது சென்சார் பக்கம் போகலாம்.